கறுப்புக் காரில் மடவளைப் பாதை

கைரியா மடவளையில் ஒரு ஸ்டிக்கர் கடையில் வேலை செய்தாள். வீட்டுக்கு வந்தால் கார்ப் பந்தய கேம்தான். ஓட்டுவதை விடக் காரை மாற்றி அழகாக்குவதில்தான் அவளுக்கு ஆசை. நான்கு மாதம் ஒரே காரில் மினக்கெட்டாள். கறுப்புக் கார், அதன்மேல் கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்கு வரும் பாதை, ஒரு வளைவும் தப்பாமல், வெள்ளைக் கோடாக. கதவில் ஒரு வளைவின் மேல் சிவப்புப் புள்ளி. கேம் விளையாடுபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டாள்.

மூன்று வாரத்தில் அதே கார் அம்பிட்டியவில், அதே குழுவிலிருந்த ரவிகுமாரின் கேம் கடை வாசலில் பெனராகத் தொங்கியது. ‘எங்கள் சொந்த டிசைன்’ என்று கீழே எழுதியிருந்தது. கடை நடத்தவிருந்த கேம் போட்டிக்கு அடித்த டீசேர்ட்டிலும் அதுதான்.

சனிக்கிழமை பகல் கைரியா பஸ் ஏறிப் போனாள். உள்ளே ஏழெட்டு இளைஞர்கள் திரைகளுக்கு முன்னால் இருந்தார்கள்.

“வாங்க தங்கச்சி, விளையாடவா?” என்றான் ரவிகுமார்.

“இல்ல. வெளிய தொங்குற கார் யாரு கீறின?”

“நான்தான்.”

“பொய். அது நான் கீறின.”

அவன் சிரித்தான். “ரெண்டு கோடு போட்டா ஒங்களோடதாயிருமா?”

“சரி, அந்தச் செவப்புப் புள்ளி என்னத்துக்கு?”

“சும்மா ஸ்டைலுக்கு. எடம் வெறுமையா இருந்துச்சு, போட்டேன்.”

“அது எங்கட ஸாகி நானா, என்ட கூடப்பொறந்தவர், மௌத்தாகின எடம். பைக்ல வரக்கொள்ள லொறி அடிச்ச.”

யாரோ ஒருவனின் கார் திரையில் சுவரில் மோதி நின்றது. அவன் அதைக் கவனிக்கவில்லை. ஒரு மன்னிப்புப் போதும் என்றுதான் கைரியா பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் எல்லாரும் தன்னையே பார்ப்பது ரவிகுமாருக்குப் பொறுக்கவில்லை.

“செத்தவங்கள சொல்லிப் பரிதாபம் தேட என் கடதான் கெடச்சுதா? வெளிய போங்க!”

அவள் வெளியே போனாள். கைப்பையிலிருந்த ஸ்டிக்கர் வெட்டும் பிளேடை எடுத்து பெனரை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். ரவிகுமார் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“கைய எடுங்க.”

பிளேடு இன்னும் அவள் விரல்களில் இருந்தது. அவன் கையை எடுத்தான்.

“பொலிஸுக்குப் போவேன்.”

“போங்க. அந்தப் புள்ளி என்னண்டும் சேத்துச் சொல்லுங்க.”

அவன் போகவில்லை. போட்டியை அதே டீசேர்ட்டுகளோடு நடத்தி முடித்தான். ‘பெரிசுபடுத்திட்டீங்க’ என்று குழுவில் இரண்டு பேர் எழுதினார்கள். கைரியா குழுவை விட்டு விலகினாள்.

இப்போதும் விளையாடுகிறாள். ரவிகுமாரின் பெயர் பந்தயத்தில் தெரிந்தால் அவளுக்கு வெற்றிக்கோடு முக்கியமில்லை. அவனுடைய காரைச் சுவரில் அடித்து நொறுக்கும்வரை விடமாட்டாள். தன் காரும் சேர்ந்து நொறுங்கினாலும் சரி.