கதவுக்கு மேலே, இடது மூலை

அப்பாவின் கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளை பெயிண்டைத் தம்பி மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தான். அக்கா பக்கத்தில் நின்று, அப்படித் தேய்க்காதே, ஓரத்திலிருந்து ஆரம்பி என்றாள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தான். அப்படியும் போகவில்லை. எந்த வேலையானாலும் செய்கிறவன் பக்கத்தில் நின்று வழி சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அதனால்தான் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அப்பா வைத்த பெயர். அவள் சட்டம் படித்தவள் இல்லை. பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாமல் படுத்திருப்பவர்களோடு பழகிப் பழகித்தான் இப்படி ஆகிவிட்டாள் என்பது அப்பாவின் கட்சி.

இப்போது அப்பாவாலும் பதில் பேச முடியாது. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தவர் காபிக்கு எழுந்திருக்கவில்லை. இதயம்தான், தூக்கத்திலேயே போயிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். குளிப்பாட்டி, சலவைச் சட்டை போட்டு, முன்னறைக் கட்டிலில் கிடத்தியாகிவிட்டது. வண்டி மத்தியானம்தான் வரும். அதற்குள் இந்த நகம் ஒன்றுதான் பாக்கி என்று அப்பாவின் தங்கை, அதாவது அத்தை, பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெயிண்டும் கையுமாகப் போய் நின்றால் போகிற இடத்தில் வெள்ளையடிக்க வந்தவர் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா என்பது அவள் கவலை.

"இவருக்கு ஏதும்மா பெயிண்ட்?" என்று வக்கீல் அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து எதைக் கேட்டாலும் சொன்னதையே இப்போதும் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது."

வக்கீல் அதற்கு மேல் குறுக்கு விசாரணை செய்யவில்லை. அவள் மனது வேறு இடத்தில் கிடந்தது. போன வாரம் அப்பாவோடு போனில் பெரிய சண்டை. அவளும் புருஷனும் பையனும் இந்த வீட்டுக்கே குடிவரப்போகிறார்கள். அதற்காகப் பின்னறையை இடித்துப் பெரிசாக்குவதாக ஏற்பாடு. அந்த அறையின் உட்கூரைப் பலகைகள் அப்பா இளவயதில் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து, தன் கையாலேயே அடித்து ஏற்றியவை. அவளும் தம்பியும் வளர்ந்தது அதன் கீழேதான். அந்தக் காலத்துப் பலகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், சும்மா இருக்கும்வரை சாது, உடைத்தால் தூசி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆகவே இடிப்பதற்கு முன்னால் ஆளை வரவழைத்துச் சோதிக்க வேண்டும் என்று அவள் படித்துவிட்டு வந்து சொன்னாள். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. தன் பலகையைச் சொன்னது தன்னைச் சொன்ன மாதிரி. இத்தனை வருஷம் அதன் கீழே தூங்கினாயே, செத்தா போய்விட்டாய் என்று கேட்டார். அவள் ஆராய்ச்சி பேசினாள். அவர் அனுபவம் பேசினார். கடைசியில் அவள், சோதனை முடிவு வருகிறவரை நீங்கள் என்னிடம் பேசவே வேண்டாம் என்றாள்.

அப்பா "சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பிறந்ததிலிருந்து அப்பா அவளிடம் வெறுமனே "சரி" என்று சொன்னதே கிடையாது. சாதாரணமாக "சரி, ஆனா" என்றுதான் தொடங்குவார். அந்த மொட்டை "சரி" அவளை வாரம் பூராவும் அரித்தது. மனது விட்டுப்போய்ச் சொன்னாரோ? கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனை எடுப்பாள். தானே போட்ட தடையைத் தானே மீறுவதா என்று வைத்துவிடுவாள். இப்போது கேட்பதற்கு ஆள் இல்லை. கோபத்தோடுதான் போனாரா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அழைப்பு மணி அடித்தது. தம்பி போய்க் கதவைத் திறந்தான். கழுத்துவரை ஜிப் போட்ட வெள்ளை அங்கி, கையுறை, வாயையும் மூக்கையும் மூடிய பெரிய முகமூடி, தோளில் மடக்கு ஏணி. சோதனைக்காரர். இன்றைக்கு வரச்சொல்லியிருந்ததை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

 முன்னறையில் நாற்காலிகள் நகரும் சத்தம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுத பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார், யாரையும் பார்க்காமல் எழுந்து குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவ ஆரம்பித்தார். பின்வரிசை முழுதும் வாசலுக்கு இடம் மாறியது.

"ஏண்டி, என்ன சீக்குன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?" என்றாள் அத்தை, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு.

சீக்கு மனுஷனுக்கு இல்லை, பலகைக்கு என்று விளக்குவதற்குள் வக்கீலுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சோதனைக்காரர் கட்டிலைப் பார்த்ததும் முகமூடியைக் கழற்றினார். உள்ளே இருந்தது ரொம்ப சாதுவான முகம். தெரியாமல் வந்துவிட்டேன், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பினார். ஆனால் அந்த இன்னொரு நாள் இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைக்கும். இடிக்கிற ஆட்களோ அடுத்த வாரமே வருகிறார்கள். தம்பி அக்காவைப் பார்த்தான்.

அக்கா அப்பாவைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாதத்தில் தோற்றுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பலகையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால், அந்த "சரி"க்கு ஏதாவது பரிகாரம் செய்த மாதிரி இருக்கும். "சோதனைக்குத் துண்டு எடுத்துட்டே போயிடுங்க" என்றாள்.

சோதனைக்காரருக்கு விதிகள் உண்டு. அறையில் ஆள் இருக்கக் கூடாது, தூசி கிளம்பினால் பரவாமல் இருக்க ஜன்னல்களைச் சாத்த வேண்டும், வீட்டில் உள்ள மின்விசிறிகளை எல்லாம் நிறுத்த வேண்டும். தம்பி போய் முன்னறை ஃபேனை நிறுத்தினான். புழுக்கம் இறங்கியது. செத்த வீட்டில் ஃபேனை நிறுத்தச் சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அத்தை கையில் கிடைத்த பத்திரிகையால் அண்ணனுக்கு விசிறினாள். பிறகு யோசித்துத் தனக்கு விசிறிக்கொண்டாள்.

காலையிலிருந்து அசையாமல் இருந்த அம்மா அப்போதுதான் எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"அந்த ரூமுக்கு இப்ப போகாதீங்க. துணி காயப்போட்டிருக்கேன்."

"துணியை எடுத்துடலாம்மா."

"ஈரத் துணி. இன்னொரு நாள் பாத்துக்கலாமே."

புருஷன் செத்துக்கிடக்கும்போது துணிக்காக மன்றாடுகிற அம்மாவை வக்கீல் ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தாள். துணி என்று ஒரே ஒரு போர்வைதான் தொங்கியது. அதுவும் கதவுக்கு மேலே இடது மூலையை மறைத்துக்கொண்டு, எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டியிருந்தது. சோதனைக்காரர் ஏணியை விரித்து ஏறிப் போர்வையை விலக்கினார்.

பலகைகள் எல்லாம் பழுத்து மஞ்சளாகியிருந்தன. அந்த மூலையில் மட்டும் ஒரு சதுரம் பளீரென்று வெள்ளையாக இருந்தது. கிழவர் வாயில் ஒரு பல்லை மட்டும் புதிதாகக் கட்டிவிட்ட மாதிரி. சோதனைக்காரர் விரலால் தொட்டார். அள்ளி அப்பிய பெயிண்ட் இன்னும் காயவில்லை. கையுறையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"போன வாரம் சார் எனக்கு போன் பண்ணினாரு மேடம்" என்றார் மேலிருந்தே, யோசனையாக. "எந்த இடத்துல வெட்டுவீங்கன்னு கேட்டாரு. கட்டிலை நகர்த்தி வைக்கணும்ல, அதுக்காகன்னாரு. கதவுக்கு மேல, இடது மூலைன்னு சொன்னேன். ரொம்ப மரியாதையாப் பேசினாரு."

வக்கீலுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. கேரம் ஆடும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அப்பாவின் காய் குழிக்குப் பக்கத்தில் நகர்ந்திருக்கும். கையும் களவுமாகப் பிடித்தால், ஃபேன் காற்று தள்ளிவிட்டது என்பார். கடையில் ஒரு புதுப் பலகை வாங்கி, பழையதை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதைப் பொருத்தி வைத்திருக்கிறார். சோதனைக்காரர் இதை வெட்டிக்கொண்டு போவார், ஒன்றுமில்லை என்று முடிவு வரும், மகள் மூக்குடைபடுவாள்.

அவள் திரும்பினாள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏணியை யாரு பிடிச்சா?"

அம்மா தரையைப் பார்த்தாள். "நான்தான். நேத்துக் காலையில."

"இந்த வயசுல அவரை ஏணியில ஏத்தி..."

"நீ திட்டுவேன்னுதான்டி சொல்லலை" என்றாள் அம்மா. "டாக்டர்கிட்ட தனியாக் கேட்டேன். அதனால இல்லைன்னாரு. எப்ப வேணா வந்திருக்கும்னாரு. இருந்தாலும் ராத்திரி பூரா எனக்கு அதேதான்."

வக்கீல் போய் அம்மாவின் தோளைப் பிடித்தாள்.   மேலே சோதனைக்காரருக்கு வேறு கவலை. பழைய பலகையை உலர்ந்தபடி வெட்டியிருந்தால் அறை முழுக்கத் தூசி படிந்திருக்கும், வெட்டின துண்டு எங்கே என்று கேட்டார்.

அந்த அறைக் கட்டிலுக்கு அடியில் என்று அம்மா கை காட்டினாள். அவர் இறங்கிக் குனிந்து எடுத்தார். பிளாஸ்டிக் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஈரத் துணி சுற்றிய ஒரு பலகைத் துண்டு.

"தண்ணியடிச்சு நனைச்சுத்தான் வெட்டினாரு" என்றாள் அம்மா. "மூக்குல ஈரத்துண்டு கட்டிக்கிட்டாரு. எனக்கும் கட்டிவிட்டாரு. கீழ பிளாஸ்டிக் ஷீட்டு விரிச்சு, அப்புறம் எல்லாத்தையும் ஈரத்துணியால துடைச்சோம். நீ போன்ல சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம."

"நான் சொன்னதை அவரு காதுலயே வாங்கலையே."

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், வெளியில சொல்லிடாதேன்னாரு."

வக்கீல் பைக்குள் இருந்த துண்டை எட்டிப் பார்த்தாள்.

"அப்புறம் எதுக்கும்மா இந்தக் கூத்து? பையன் தூங்கப்போற ரூம்."

"யாரையும் சுத்தியலைத் தொட விட்டிருக்க மாட்டாரு. நீ வந்து தோத்துட்டேன்னு சொன்னதுக்கு மறுநாளே உண்மையைச் சொல்லிடுவேன்னாரு. ஒரே ஒரு நாள் அவகிட்ட ஜெயிச்சுப் பாக்கணும்னாரு." அம்மாவுக்குக் குரல் உடைந்தது, ஆனால் சிரிப்பும் கூடவே வந்தது. "ஏணி மேல நின்னுக்கிட்டு ஒரே சிரிப்பு. அவ மூஞ்சி அன்னிக்கு எப்படி இருக்கும்னு பாக்கணும்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நான்கூட, ஆடாதீங்க, விழுந்துடுவீங்கன்னேன்."

அப்படியானால் அந்த "சரி" கோபத்தில் வந்ததில்லை. அது திருட்டுத்தனத்தில் வந்தது. போனை வைத்த கையோடு பலகைக் கடைக்குக் கிளம்பியிருப்பார்.

சோதனைக்காரர் சங்கடமாக நின்றார். இந்தத் துண்டு போதும்தான், இருந்தாலும் தானே ஒன்று எடுத்தால்தான் விதிப்படி செல்லும் என்றார். நடுவிலிருந்து எடுக்கச் சொன்னாள் வக்கீல். அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, எடுத்த துண்டைப் பையில் போட்டு ஒட்டினார். பிறகு அவள், மூலையில் இருக்கிற புதுப் பலகையிலும் ஒரு துண்டு எடுங்கள் என்றாள்.

"அதுல ஒண்ணும் இருக்காது மேடம். கண்ணாலயே தெரியுது."

"தெரியும். எடுங்க. அதுக்குத் தனியா முடிவு குடுங்க. அம்மா கையில குடுத்துடுங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபேச்சில்லாமல் ஏறினார்.

முன்னறையில் எல்லோரும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். அவள் வந்ததும் அத்தை விசிறலை நிறுத்தினாள். கணக்கு வாத்தியார் கழுவிய கையோடு வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். பலகையைப் பற்றி அவள் விளக்கியதில், அப்பாவோடு போட்ட வழக்கும் எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது.

"என்னடி சொல்றான் அந்த ஆளு?"

"அப்பா சொன்னதுதான் சரி" என்றாள் வக்கீல், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் தோத்துட்டேன்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தம்பி மட்டும் எங்கிருந்தோ வாங்கி வந்த தின்னர் பாட்டிலைத் திறந்து, இது எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்று சொல்லிக் கட்டிலோரம் மண்டியிட்டான்.

"விடுடா. அது இருக்கட்டும்."

"நீதானேக்கா காலையிலேர்ந்து..."

"இருக்கட்டும்ங்கறேன்ல."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வக்கீல் அப்பாவின் கையை எடுத்து, கட்டைவிரல் மேலே தெரிகிற மாதிரி நெஞ்சின்மேல் வைத்தாள். பிறகு குனிந்து, தன் முகத்தை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோய், நகராமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அத்தை முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வேலை முடிந்தது, ஜன்னல்களைத் திறந்துகொள்ளலாம் என்று உள்ளேயிருந்து சோதனைக்காரர் குரல் கொடுத்தார்.

"ஃபேனைப் போடுடா" என்றாள் வக்கீல், நிமிராமலேயே. "அப்பாவுக்குக் காத்து வரட்டும்."