விருந்துக்கு வந்த ஹார்ஸ் மலை வீடு

பூமியின் தென்கோடியில், நியூ லின்னில் வின்சென்ற், டோறின் தம்பதியின் பின்வளவுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு வீடு விருந்தாளியாக வந்து சேர்ந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் முட்டை விலை ஏறியிருந்தது, ரயிலும் ஓடவில்லை. ஆகவே தெருவில் பேச வேறு விஷயங்களும் இருந்தன. வந்தது சின்ன வீடல்ல. மூன்று மாடி, நானூறு வயது, கறுத்த மரச்சட்டங்களுக்கு நடுவே களிமண் பூசி வெள்ளையடித்த சுவர், சன்னல்தோறும் சிவப்புப் பூச்சட்டி. வின்சென்ற் மங்கரே விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை செய்பவர். வெளிநாட்டு மரமும் மண்ணும் இந்த நாட்டுக்குள் நுழைவது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று அவருக்குத் தெரியும். குனிந்து பார்த்தார். வீடு தன் அத்திவாரத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வந்திருந்தது. அவருடைய கத்தரிச்செடிகளின் மேல் உட்கார்ந்ததைத் தவிர அதன்மேல் சொல்ல ஒரு குறையும் இல்லை.

பிழை டோறினுடையது. போன குளிர்காலத்தில் இருவரும் டோட்முண்டில் இருக்கும் அவளுடைய தங்கை லோஜனாவிடம் போனார்கள். அவள் ஹார்ஸ் மலைக்கு அழைத்துப்போனாள். அங்கே ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட வீடுகள்தான், கலியாணப் படத்துக்கு நெருக்கியடித்து நிற்கும் சொந்தக்காரரைப்போல ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி. கரிப்புகை ரயிலில் மலையுச்சிக்கு ஏறி, அங்கே மூடுபனியைத் தவிர ஒன்றையும் காணாமல், வின்சென்ற் அந்த மூடுபனியையே படம் பிடித்துக்கொண்டு இறங்கினார். தங்கிய வீட்டின் தரை அவ்வளவு சரிவு. கட்டிலடியில் விட்ட செருப்பு விடியும்போது வாசலில் கிடக்கும். புறப்படும் நேரம் வீட்டுக்காரி சந்தைக்குப் போயிருந்தாள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த டோறினுக்கு ஒருவரிடமும் சொல்லாமல் படியிறங்க மனம் வரவில்லை. கதவுநிலையைத் தொட்டு, "போயிட்டு வாறம். நீங்களும் ஒருக்கா எங்கட வீட்டை வரவேணும்" என்றாள். இதை அவள் பல் வைத்தியருக்குச் சொல்லியிருக்கிறாள், பாபகூராவில் ஒரு பஸ் சாரதிக்கும் சொல்லியிருக்கிறாள். ஒருவரும் வந்ததில்லை.

எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னது மகள் சுதர்ஷிகாவுக்கு. அவள் கலியாணமாகிப் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் தாய் வரச்சொல்வாள். நாங்கள் நாலு பேரும் எங்கே படுப்பது என்று அவள் ஆங்கிலத்தில் கேட்பாள். இருந்த இரண்டு அறையில் ஒன்றை அரிசி மூட்டையும் பயணப்பெட்டியும் பிடித்திருந்தன. உலகத்தின் மறுபக்கத்திலிருந்து ஒரு வீடு ஒற்றைச் சொல்லுக்கு வந்துவிட்டது, பெற்ற பிள்ளை வரவில்லை. அன்று அரிசி கழுவும்போது அவள் அழுதாள்.

நானூறு வருடமாக லீவே எடுக்காத வீடு, கொஞ்சம் ஆறட்டும் என்று வீட்டுக்காரி சொன்னதாக லோஜனா போனில் அறிவித்தாள். டோறின் காலையும் மாலையும் வாசற்படியில் தேத்தண்ணி வைத்தாள், கோப்பை காலியாகும். வாரத்துக்கொருமுறை வீடு முனகிக்கொண்டு எழும்பும். வின்சென்ற் கத்தரிக்கன்றுகளை நினைத்து மகிழ்வதற்குள் டோறின் வழக்கப்படி, "என்ன அந்தரம், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாமே" என்பாள். வீடும் மரியாதை தெரிந்தது, திரும்ப உட்கார்ந்துவிடும். வின்சென்ற் அவளைத் தனியே கூப்பிட்டுத் திட்டுவார். ஆனால் வந்தவரை எழும்பிப் போகச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

டிசம்பரில், ஊரெல்லாம் வெயிலில் வேர்த்துக்கொண்டிருக்க, அந்தக் கூரையின் மேல் மட்டும் பனி கொட்டியது. அந்த வீடியோவைப் பார்த்த பேரப்பிள்ளைகள் பிரிஸ்பேனில் ஒற்றைக்காலில் நின்றார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறோம் என்று சுதர்ஷிகா சொன்ன மறுநாள், வீடு பூச்சட்டிகளை உள்ளே எடுத்து, சன்னல்களைச் சாத்தி, உண்மையாகவே எழும்பியது. ஹார்ஸில் நத்தார்ச் சந்தை, அதற்கும் அங்கே வேலை இருந்தது. டோறின் வெறுங்காலோடு ஓடிப்போய்ச் சுவரில் இரண்டு கையையும் வைத்தாள். தேத்தண்ணிப் பேச்சு வாயில் வரவில்லை.

"போகாதேங்கோ. என்ர பிள்ளை வருது. படுக்க இடமில்லை."

விருந்தாளியிடம் அவள் வாழ்நாளில் ஒன்றும் கேட்டதில்லை. வீடு அரையடி உயரத்தில் சிறிது நேரம் நின்றது. பிறகு மிச்சமிருந்த கத்தரியின் மேல் மெதுவாக உட்கார்ந்து, சன்னல்களைத் திறந்துவிட்டது.

மகளும் குடும்பமும் வந்து மூன்றாம் மாடியில் படுத்தார்கள். தரைச் சரிவில் உருண்டு, விடியும்போது நாலு பேரும் ஒரு சுவரோரம் குவியலாகக் கிடப்பார்கள். எழும்பி விலகிப் படுக்க ஒருவரும் நினைக்கவில்லை. புறப்படும் நாள் சுதர்ஷிகா பையைத் தூக்கியபோது டோறின், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாமே என்றாள். மகள் பையை வைத்துவிட்டு, தமிழில், "ஓம் அம்மா, ஒண்டு குடிப்பம்" என்றாள்.

அந்தத் தேத்தண்ணி இன்னும் முடியவில்லை. மருமகன் மங்கரேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வின்சென்ற் இப்போது கத்தரியை முன்வளவில் நடுகிறார்.