பதினேழாம் எலியின் இதயம்

தாராவியிலிருந்து செம்பூர் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தும் ருக்சானா உட்காரவில்லை. உட்கார முடியவில்லை. அன்று காலை அவளுடைய எலிகளின் ரகசியம் வெளிவரப் போகிறது.

செம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவள் பிஎச்.டி. மாணவி. வயதாகும் இதயம்தான் அவள் பாடம். ஓர் எலி தானாகக் கிழடாக இரண்டு வருடம் பிடிக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் அப்படிக் காத்திருக்க முடியுமா? கேலக்டோஸ் என்ற சர்க்கரையை இளம் எலிக்குத் தினமும் அதிக அளவில் ஊசியாகப் போட்டால், சில வாரங்களிலேயே அதன் இதயத்தசை வயதான எலியுடையதைப் போல விறைத்துவிடும். அது நிஜ முதுமை இல்லை, முதுமையின் நகல். அந்த நகல் சரியாக வந்திருக்கிறதா என்பதுதான் இன்று தெரியவேண்டும்.

இருபது எலிகளில் பாதிக்குச் சர்க்கரை, பாதிக்கு வெறும் உப்புநீர். எதற்கு எது என்பது ஊசி போட்ட சக மாணவன் நகுலுக்கு மட்டுமே தெரியும். ருக்சானா இதய ஸ்கேனை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றும் இளசா கிழடா என்று முடிவு செய்திருந்தாள்.

அவளுக்கு இதில் சொந்த அவசரமும் இருந்தது. அவள் உம்மா அக்தர் பானு ரயில்வே பாலத்தின் படியேறினால் பாதியிலேயே நின்று மூச்சு வாங்குவாள். ஒருமுறை பரிசோதித்ததில் இதயம் ரத்தத்தை நன்றாகவே அழுத்தித் தள்ளுகிறது என்று தெரிந்ததும், "வெறும் வாயுதான்" என்று உம்மாவே முடிவு கட்டிவிட்டாள். பிறகு எந்த டாக்டரிடமும் வரவில்லை.

லேபில் வழிகாட்டி மாலதி மேடம் காத்திருந்தார். நகுல் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

"ஒண்ணு?"

"கிழடு."

"சர்க்கரை. ரெண்டு?"

"இளசு."

"உப்புநீர்."

ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டே வந்தது. பதினேழுக்கு ருக்சானா "இளசு" என்றாள். நகுல் தலை நிமிரவில்லை.

"சர்க்கரை."

மிச்சம் மூன்றும் சரியாகவே இருந்தன. "அரே, இருபதுல பத்தொம்பது!" என்று நகுல் கை தட்டினான். ருக்சானா தட்டவில்லை. பதினேழின் ஸ்கேன் வீடியோவைத் திறந்தாள்.

இதயம் தளர்ந்து ரத்தம் உள்ளே வரும்போது திரையில் இரண்டு அலைகள் எழும். இளம் இதயத்தில் முதல் அலை உயரம். விறைத்த இதயத்தில் இரண்டாவது உயரம். பதினேழில் இரண்டும் ஒட்டிக்கிடந்தன.

"மயக்க மருந்து சரியா ஏறல மேடம். இதயம் ரொம்ப வேகமா அடிச்சிருக்கு. அதான் பிரிச்சுப் பாக்க முடியல. மறுபடி எடுக்கட்டுமா?"

"இப்போ உனக்கு விடை தெரியுமே. தெரிஞ்சுண்டு பார்த்தா நீ நினைக்கறதுதான் தெரியும்."

"அப்ப எனக்குத் தெரியாத மாதிரி குடுங்க! நகுல், பதினேழோட இன்னும் மூணு எலியச் சேத்து வை. எத்தனை சர்க்கரைன்னு சொல்லாத. நான் வெளிய நிக்கேன்."

மேடம் சிரித்துவிட்டார். "சரி. ஆனா பழைய ரீடிங் அப்படியே இருக்கும். இது தனி."

வால்களில் இருந்த எண்களைத் துணியால் மூடி நகுல் அவளை உள்ளே கூப்பிட்டான். இந்தமுறை மயக்கத்தை அவளே நிதானமாகச் சரிபார்த்தாள். முதல் எலி இளசு. இரண்டாவது கிழடு. மூன்றாவதன் இதயம் சீராக அடித்தது. அலைகள் தெளிவாகப் பிரிந்தன. முதலாவது குட்டை, இரண்டாவது நெட்டை.

"கிழடு! சந்தேகமே இல்ல, கிழடு!"

நான்காவது இளசு. நகுல் துணிகளை விலக்கினான். நான்கும் சரி. மூன்றாவதுதான் பதினேழு.

ருக்சானா மேடத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நிமிடம் வராந்தாவில் நின்று வீட்டுக்கு போன் போட்டாள். வீட்டை ஒட்டி வாப்பா நடத்தும் பை தைக்கும் பட்டறையின் இரைச்சலோடு உம்மாவின் குரல் வந்தது.

"உம்மா! கிழடாயிருச்சு உம்மா!"

"யாருளா கிழடு?"

"எலி ம்மா! சீனி ஊசி போட்டோம்லா, அது!"

"ஒங்க வாப்பா டீயில மூணு ஸ்பூன் போடுதாரே, அதான் நரைச்சிட்டாரா?"

"அது வேற சீனி. டீக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." ருக்சானா அவசரமாகத் தொடர்ந்தாள். "கேளுங்க. அந்த எலி இதயமும் நல்லாத்தான் அழுத்துது. ஆனா அழுத்தினபிறவு தளரணும்லா? தளர மாட்டேங்கு. ரத்தம் உள்ள வர கஷ்டப்படுது. உங்களுக்கும் அப்படி இருக்கலாம். இருக்குன்னு சொல்லல. பாக்கணும்."

உம்மா கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது; இரைச்சல் குறைந்தது.

"அப்ப நான் சும்மா மூச்சு வாங்கல."

"இல்ல ம்மா."

"திங்கக்கிழம கூட்டிட்டுப் போ."

திங்கட்கிழமை டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டுமுன்பே ருக்சானா பார்த்துவிட்டாள்: முதல் அலை குட்டை. உம்மா பயப்படவில்லை. மாத்திரை, உப்பைக் குறைப்பது, தினமும் நடப்பது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும், "அடுத்து எலிய என்ன பண்ணப்போறீய?" என்றாள்.

"புதுசா கொஞ்சம் எலிக்கு சீனி ஊசியும் போட்டு, தினம் ஓடவும் விடப்போறோம். விறைக்காம இருக்கான்னு பாக்க. மேடம் சரின்னுட்டாங்க!"

"எப்ப?"

"அடுத்த வாரம்!"

"அதுக்கு முன்னாடி நான் ஆரம்பிச்சிருதேன்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி உம்மா நடக்கத் தொடங்கினாள்.