நீலக் கவுனும் இரண்டு சம்பந்திகளும்

“இன்னும் என்னென்ன பாக்கி இருக்கு, சம்பந்தி?”

“அதிகமில்ல. மலைமேல கோட்டை, பழைய பாலம், அப்புறம் மணிக்கூண்டு.”

“மணிக்கூண்டுதான் காலையிலயே பார்த்தோமே!”

“அது முன்பக்கம். பின்பக்கம் பார்க்கலையே.”

கேட்டவள் நடைபாதையோரத்து இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் பிள்ளையைப் பெற்றவள். ரயில் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊர் ஊராகப் போகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் கொடுத்தே தலை நரைத்தவள். அதனால் சொந்தபந்தம் எல்லாருக்கும் அவள் டிக்கெட்டம்மா. பதில் சொன்னவள் பெண்ணைப் பெற்ற தையல்காரம்மா. அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, பெற்ற மகளேதான்.

“கொஞ்சம் நின்னா வேர் விட்டுடுமா உங்க கால்ல?” என்றாள் டிக்கெட்டம்மா.

“கோட்டைக்குப் போற கடைசி பஸ் போயிடும், சம்பந்தி. வாங்க வாங்க.”

அவசரம் கோட்டைக்காக அல்ல. அது இருவருக்குமே தெரியும்.

மகளும் மருமகனும் வேலைக்காக வேறொரு ஊரில் குடியிருக்கிறார்கள். மகள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். வீட்டில் ஒரே ஒரு சின்ன அறைதான் கூடுதலாக இருக்கிறது. இரண்டு அம்மாக்களில் ஒருத்தி வந்து கூடவே இருந்துவிடலாம். யார் என்று சொல்லத்தான் சின்னவர்களுக்கு வாய் வரவில்லை. இருவரையும் சேர்த்து ஊர் பார்க்க அனுப்பிவிட்டார்கள். “நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு வாங்கம்மா. நாங்க சொன்னா ஒருத்தர் மனசு நோகும்” என்று வழியனுப்பும்போது மகள் சொன்னாள். நாளைக் காலையில் திரும்ப வேண்டும். இதுவரை அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச விட்டால்தானே? தையல்காரம்மாவுக்கு அந்த அறைமேல் கொள்ளை ஆசை. ஆனால் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினால், ‘என் பிள்ளை வீடு, நான்தான் போவேன்’ என்று சம்பந்தி சொல்லிவிட்டால் என்ன செய்வது? சொல்லாதவரைக்கும் அந்த அறை யாருக்கும் இல்லை. அதனால்தான் வந்த நாளிலிருந்து காலில் சக்கரம் கட்டிக்கொண்டிருந்தாள். மியூசியத்திலிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து படகுத்துறை. உட்கார ஒரு பெஞ்சு தென்பட்டாலே நடையை எட்டிப் போட்டாள்.

பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்கு வழி என்று ஒரு பழைய சந்துக்குள் நுழைந்தாள். இருபுறமும் வர்ணம் பூசிய கதவுகள், பூந்தொட்டிகள், தலைக்குமேல் துணிக்கொடிகள். முன்னால் போன ஒரு கூட்டம் கதவுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

“பம்பரமே, மெதுவா!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தையல்காரம்மா திரும்பவில்லை. அவள் கண் வேறொன்றில் சிக்கியிருந்தது. ஒரு வாசலருகே தாழ்வான கொடியில் கீழே அகல வட்டமாக விரியும் நீலக் கவுன் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நூல் தொங்கியது. தொங்கும் நூலைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற கை அவளுக்கு இல்லை. கத்தரி இருந்திருந்தால் நறுக்கியிருப்பாள். இல்லாததால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

சர்ரென்று வந்தது. நின்றுவிடும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. சங்கிலித் தையல்! ஒரு முனை கையில் வந்தால் மொத்தமும் கழன்றுவிடும் என்று எத்தனை பெண்களுக்குப் பாடம் எடுத்திருப்பாள். மூளைக்கு அது எட்டுவதற்குள் கவுனின் மடிப்பு பாதி வட்டத்துக்குமேல் அவிழ்ந்து தொங்கியது.

கதவு திறந்தது. ஈரக் கையோடு வீட்டுக்காரி வந்து நின்றாள்.

“என்ன பண்றீங்க?”

“இல்லம்மா... நூல் தொங்கிச்சு...”

“தொட்டுப் பார்க்க இதென்ன பொருட்காட்சியா? சாயங்காலம் வேலைக்குப் போட்டுட்டுப் போகணும் அதை! தினமும் வந்து நின்னு படம் எடுக்கறீங்க. சன்னல் வழியா எட்டிப் பார்க்கறீங்க. ‘ஐயோ, என்ன அழகான கதவு’ங்கறீங்க. கதவுக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்கேன்னு ஒருத்தருக்காவது நினைப்பு வருதா? இப்ப துணியிலயும் கை வெச்சாச்சு!”

தையல்காரம்மா அவிழ்ந்த விளிம்பை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தாள். அதற்குள் டிக்கெட்டம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பார்த்ததுமே நடந்தது புரிந்துவிட்டது.

“தப்புதாம்மா. கேக்காம கை வெச்சது தப்பு. ஆனா இது திருட்டுக் கையில்ல, தையல் கை. இந்த வாசப்படியில உக்கார எடம் குடுத்தீங்கன்னா இப்பவே தெச்சுக் குடுத்துடுவாங்க.”

“இப்பவேவா? பஸ்ஸு...” என்று இழுத்தாள் தையல்காரம்மா.

“கோட்டை எங்கயும் ஓடிடாது. உக்காருங்க.”

வீட்டுக்காரி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கவுனை உருவித் தையல்காரம்மாவின் மடியில் போட்டாள். “சரியா வரலேன்னா விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தபடியே உள்ளே போனாள்.

ஊசி இல்லாமல் தையல்காரம்மா வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. கைப்பையிலிருந்து எடுத்தாள். நூல் நீலமாக வேண்டுமே? இழுத்துவந்த அதே நூல் சுருள் சுருளாக விரலில் கிடந்தது. அதைத் துண்டு துண்டாக்கி, எச்சில் தொட்டு நீவி, ஊசியில் கோத்தாள். கை தைக்க ஆரம்பித்தது. கால்மட்டும் தானாகத் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. சந்து முனையில் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் போனது. நிமிர்ந்து பார்த்தாள்.

“போச்சு.”

“போகட்டும். நேத்து மியூசியம் பார்த்தோமே, அங்க என்ன இருந்துச்சு? சொல்லுங்க பார்ப்போம்.”

தையல்காரம்மா யோசித்தாள். “அங்க நின்னாரே காவல்காரர், அவர் சட்டையில ஒரு பொத்தான்மட்டும் வேற கலர்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

டிக்கெட்டம்மா வாய்விட்டுச் சிரித்தாள். “இப்ப ஓட முடியாது. மடியில கவுன் இருக்கு. பேசலாமா?”

“எதைப் பத்தி?”

“மணிக்கூண்டோட பின்பக்கத்தைப் பத்தி.”

தையல்காரம்மா தையலில் குனிந்துகொண்டாள்.

“அந்த ரூமுக்கு நான் போகணும்னு ஆசைப்படறேன், சம்பந்தி.”

ஊசி நின்றது. “நானும்தான்.”

“தெரியும். அதனாலதான இந்த ஓட்டம்.”

“உங்க பிள்ளை வீடு. உரிமை உங்களுக்குன்னு சொல்லப்போறீங்க.”

“சத்தியமா சொல்லமாட்டேன். அது ரெண்டு பேர் வீடு. வேற ஒண்ணு சொல்லணும். சொன்னா அடிக்க வருவீங்க.”

“கையில ஊசி இருக்கு. பார்த்துச் சொல்லுங்க.”

டிக்கெட்டம்மா குரலைத் தாழ்த்தினாள். “போன தடவை அங்க போனப்ப சமையலறையை மொத்தமா மாத்தி அடுக்கிட்டு வந்தீங்க. சன்னல் திரையைக் கழட்டிக் குட்டை பண்ணீங்க. நீங்க கிளம்பினதும் உங்க பொண்ணு எனக்கு ஃபோன் பண்ணினா. ‘அத்தை, என் வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு எனக்கே தெரியல’ன்னு அழுதா.”

தையல்காரம்மாவின் விரலில் ஊசி ஏறியது. பழகிய விரல், ரத்தம்கூட வரவில்லை. நெஞ்சில்தான் சுருக்கென்றது.

“எங்கிட்ட சொல்லலையே அவ.”

“நீங்க நின்னாத்தானே சொல்லுவா?”

“உங்ககிட்டப் போய்ச் சொல்லியிருக்கா பாருங்க. மாமியார்கிட்ட!”

“நான் உக்கார்ந்தே பழகினவ. கண்ணாடிக்குப் பின்னால உக்கார்ந்திருந்தா யார் வேணும்னாலும் வந்து குனிஞ்சு பேசுவாங்க. அவ்வளவுதான் விஷயம். என்னைப் பெரிய மனுஷியாக்காதீங்க. எனக்கு ஒழுங்கா ஒரு பொத்தான் தெக்கத் தெரியாது.”

உள்ளேயிருந்து வீட்டுக்காரியின் குரல் வந்தது. “அப்ப வீட்டுலயும் இதே வேலைதானா அவங்களுக்கு?”

“நீங்களும் சேர்ந்துக்கோங்க!” என்று சீறினாள் தையல்காரம்மா. கண்ணில் நீர் முட்டியது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. எங்கே ஓடுவது? இன்னும் கால்வாசி விளிம்பு மடியில் கிடந்தது.

தைத்தாள். எதிர் வீட்டுக் கிழவர் சன்னலைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒரு பூனை கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்துகொண்டு அவரை அலட்சியமாகப் பார்த்தது. முன்னால் போன கூட்டம் படம் எடுத்து முடித்துப் போய்விட்டிருந்தது. அவர்கள் படத்தில் அந்தக் கிழவர் இருக்கமாட்டார். அவர்கள் போன பிறகுதான் அவர் சன்னலையே திறந்தார்.

கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

“நீங்க போங்க, சம்பந்தி.”

“கோவத்துல சொல்லாதீங்க.”

“கோவம்தான். ஆத்திரமா வருது. இருந்தாலும் நீங்க போங்க. நான் விருந்தாளியா வந்துட்டுப் போறேன்.”

“விருந்தாளின்னா உக்காரணும்.”

“உக்காருவேன்.”

“உப்பு டப்பா?”

“கேட்டுட்டு எடுப்பேன்.”

“குழந்தை ராத்திரியெல்லாம் கத்தும். என்னால தூக்கிட்டு நடக்க முடியாது. அப்ப பம்பரம்தான் வேணும்” என்றாள் டிக்கெட்டம்மா. “அடிக்கடி வரணும்.”

“கூப்பிட்டா வர்றேன்” என்றாள் தையல்காரம்மா. சம்பந்தி அவள் முழங்கைமேல் கை வைத்தாள். கை அங்கேயே இருந்தது.

வீட்டுக்காரி வந்து விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பரவாயில்ல” என்றாள். அதற்குமேல் புகழவில்லை. இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். “அடுத்த தடவை வந்தா கதவைத் தட்டுங்க.”

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். கோட்டை மலைமேல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. விடுதிக்குப் போகும் பஸ்ஸைக் காணோம். தையல்காரம்மாவின் கால் மறுபடி தாளம் போட ஆரம்பித்தது. பக்கவாட்டில் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

“சம்பந்தி, உங்க சால்வையில ஒரு நூல் தொங்குது. எடுக்கட்டுமா?”

டிக்கெட்டம்மா குனிந்து பார்த்தாள். “வேணாம். இருக்கட்டும்.”

தையல்காரம்மா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். காற்றில் அந்த நூல் ஆடிக்கொண்டே இருந்தது. பஸ் வருகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.