ஏரிக்கரையில் ஒரு தலை குறைந்தது

ஒரு மனிதன் சுதந்திரமானவன் என்பதற்கு உலகத்தில் ஒரே அடையாளந்தான் உண்டு: அவன் தலையை எவரும் தொட்டு எண்ணக் கூடாது. கல்லூரியில் படிக்கும் மகன் இதை வேன் படிக்கட்டில் நின்றபடி, பதவியேற்கும் அமைச்சரின் முகத்தோடு அறிவித்தான்.

"ஆடு மாட்டைத்தான் எண்ணுவாங்க. என்னை எண்ணாதீங்கப்பா."

"சரிடா," என்ற அப்பா, அவன் உச்சந்தலையில் கை வைத்து, "நாலு," என்றார்.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். பிள்ளைகளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் தொட்டுத் தொட்டு எண்ணிப் பழகிய கை அது. ஞாயிற்றுக்கிழமை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அம்மா, தங்கை, தாய்மாமன், மகன் என்று எண்ணி முடிக்காமல் சாவியைத் திருகமாட்டார். வழியில் டீக்கு இறங்கி ஏறினால் மறுபடி எண்ணுவார். தன்னை மட்டும் எண்ணிக்கொண்டதே இல்லை. ஓட்டுகிறவன் எங்கே போய்விடப் போகிறான் என்பது அவர் கட்சி.

குளிர் விட்டு மரங்கள் தளிர்த்திருந்தன. ஏரி தேர்வு அறை மாதிரி அமைதியாக இருந்தது. அம்மா பாயை விரிக்க, அது முழுதாக விரிவதற்குள் மாமா அதில் படுத்துக் குறட்டையைத் தொடங்கினார். மகன் செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டு ஈரப் புல்லில் நடந்தான். வளைவைத் தாண்டியதும் சட்டென்று நின்றான். புதரோரம் கல்லூரி நண்பர்கள் மூன்று பேர்.

"டேய், நீ எங்கடா இங்க? யாரோட வந்த?"

"சும்மா... தனியாத்தான்."

"அந்த மஞ்சள் வேன் யாரோடதுடா? ஏரி அழகே கெட்டுப்போச்சு."

"தெரியல. ஏதோ ஸ்கூல் போல."

அப்போது தண்ணீருக்கு மேலாக அந்தக் குரல் வந்தது. ஒரே அதட்டலில் முழு வேனையும் உட்காரவைக்கும் குரல். சாப்பாட்டுக்கு முந்தைய எண்ணிக்கை.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." நின்றது. மறுபடியும், "ஒண்ணு..."

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வளந்த ஆளுங்களப் போய் எண்ணுறாரு பாருடா!"

"குறைஞ்சா ஸ்டெப்னியையும் சேத்துக்குவாரு," என்றான் மகன்.

சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. அவனும் சிரித்தான்.

"சுண்டூ!"

ஆறடி ஆளுக்கு வீட்டில் வைத்திருந்த பெயர் அது. "இதோ" என்று ஒரு சொல் போதும். சொன்னால் கல்லூரியில் படித்து முடிக்கும்வரை அவன் சுண்டுதான். வாயைத் தைத்துக்கொண்டான். "சுண்டூ!" என்று மறுபடியும் வந்த குரலில் இப்போது அதட்டல் இல்லை.

அப்பா கரையில் கிடந்த செருப்பைப் பார்த்துவிட்டார். ஒன்றைக் குனிந்து எடுத்தார். அடுத்த நொடி சட்டை, பேண்ட், ஷூவோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. மகனுக்கு அது தெரியும்.

"ஐயோ, யாரோ முழுகிட்டாங்கடா!" என்று நண்பர்கள் எழுந்தார்கள். தண்ணீர் அப்பாவின் மார்பைத் தொட்டது. கையால் அடியில் துழாவினார்.

"அப்பா!" அவன் கத்திக்கொண்டே ஓடினான். "இங்க இருக்கேன்பா! நான்தான்! சுண்டு!"

அப்பா திரும்பிப் பார்த்தார். சொட்டச் சொட்டக் கரையேறி வந்து, செருப்பு பிடிக்காத கையை அவன் தலையில் வைத்தார்.

"நாலு." பல் தந்தியடித்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. பின்னாலேயே ஓடிவந்து நின்ற மூவரையும் பார்த்து, "தம்பி கூடப் படிக்கிறவங்களா? சாப்டீங்களாப்பா? வாங்க, நெறைய இருக்கு," என்றார்.

மூவரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் மெல்லக் கேட்டான்: "அப்பாவாடா?"

"ம்."

யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

திரும்பும்போது அப்பா மாமாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு நேராக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"என்ன மச்சான், இன்னிக்கு எண்ணலியா?" என்றார் மாமா.

"விடுப்பா. பெரிய பையன், கூச்சப்படுறான்." குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னார். சாவியைத் திருகினார்.

கடைசி இருக்கையிலிருந்து மகன் எழுந்தான். ஜன்னலை மூடப் போகிறவன் போல முன்பக்கம் நடந்தான். தங்கையின் தலை. "என்னடா?" என்றாள் அவள். மாமாவின் வழுக்கை. அம்மாவின் கொண்டை. உதடு மட்டும் அசைந்தது. பிறகு கையை நீட்டி, ஈரம் காயாத அந்த நரைத்த தலையையும் தொட்டான்.