நான்காம் பக்கத்துத் திருத்தம்

இறந்தவர் நினைவாக அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகங்கள் முந்நூறும் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்காபரோ மோர்னிங்சைட் வீட்டுக்கு இரண்டு பெட்டிகளில் வந்து சேர்ந்தன. அம்மாவின் முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சுபாங்கி வேலைக்குப் போட்ட சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஒரு பெட்டியைக் கிழித்து மேலே கிடந்த புத்தகத்தை எடுத்தாள். அட்டையில் அம்மா, பச்சைக் கரைச் சேலையில், படம் எடுத்தவனை அதட்டிவிட்டுச் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கீழே 'அமரர் திருமதி பேபி குலசிங்கம்'. உள்ளே பிள்ளையார் படம், தேவாரம், திருவாசகம், எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. நான்காம் பக்கத்தில் வாழ்க்கை வரலாறு. அதில் பாதி தூரம் வாசித்தபோது அவளுக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது.

'அருமை மகன் அபிஷனை மாரடைப்பால் பறிகொடுத்த துயரிலும் மனந்தளராது பல சமூகப் பணிகளை ஆற்றினார்.'

இதையா அவள் எழுதிக் கொடுத்தாள்? அவள் எழுதியது ஒன்றரைப் பக்கம். "எழுத்துப் பிழை பாத்துக் குடுக்கிறன் பிள்ளை" என்று அதை வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போனவர் பெரிய மாமா, இராஜரட்ணம், அம்மாவின் ஒரே அண்ணன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. இருந்த உண்மையைத்தான் பிழையென்று வெட்டியிருந்தார். ஏழெட்டு வருடம் ஒரு மனுஷி வீடு வீடாய் ஏறி இறங்கி அழித்த பொய்யை, அவள் கண்ணை மூடி ஒரு மாதத்துக்குள் மினுங்குகிற தாளில் திரும்ப அச்சேற்றி, தேவாரத்துக்கு அடுத்த பக்கத்தில் குந்தவைத்திருந்தார் மனுஷன்.

எட்டு வருடத்துக்கு முன்னும் இதே கைதான் எழுதியது. இருபத்துமூன்று வயது அபிஷன் ஒரு சனிக்கிழமை தன் அறையில் எழும்பாமல் கிடந்தான். நண்பர் யாரோ கொடுத்த மாத்திரையில் ஃபென்ரனில் என்கிற ஆளைக் கொல்லும் போதைமருந்து கலந்திருந்தது என்று பொலிஸ்காரி வந்து அம்மாவுக்கு மெல்லச் சொன்னாள். அப்பா அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார். வீட்டில் நிமிர்ந்து நின்றவர் மாமா ஒருவர்தான். அவர் வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் "ஹார்ட் அற்றாக், பிறவியிலயே இருந்ததாம்" என்றார். கல்வெட்டிலும் அதையே போட்டார். அம்மா வாய் திறக்கவில்லை. அந்த நேரம் அவவுக்கு எந்தச் சொல்லும் ஒன்றுதான்.

ஏழு மாதம் கழித்து நிசாந்தன் செத்தான். அபிஷனோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஒரே மாத்திரை. அவனுடைய தாய் ஜோசப்பின், சவப்பெட்டியருகில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பேபியக்கா, உங்கட பிள்ளைக்கு ஹார்ட் எண்டபடியால் நான் இவனை ஒரு வார்த்தை கேக்கேல்லை. கூட்டிக்கொண்டு போய் ஹார்ட்டைத்தான் செக் பண்ணினனான்" என்றாள்.

வீட்டுக்கு வந்த அம்மா கோட்டைக் கழற்றவில்லை. குசினி மேசைக்கு முன்னால் இருந்து ஒரு கொப்பித் தாளில் எழுதினா. சுபாங்கி அதைக் கணினியில் அடித்து, முந்நூறு பிரதி எடுத்து, கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தாள். 'திருத்தம். பக்கம் நான்கில் மாரடைப்பு என்றிருப்பது பொய். என் மகன் அபிஷன் போதை மாத்திரையில் கலந்த ஃபென்ரனிலால் இறந்தான். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேளுங்கள். தாய் பேபி.'

கல்வெட்டை எவரும் எறிவதில்லை. தேவாரம் அச்சடித்த புத்தகத்தைக் குப்பையில் போட எந்த வீட்டுக்கு மனம் வரும்? சாமி அறை மேசை லாச்சியில், பழைய பஞ்சாங்கங்களோடு கிடக்கும். அம்மாவுக்கு அது தெரியும். பக்டரியில் பக்கிங் வேலை முடிந்து வந்து, கைப்பையில் துண்டுகளும் ஒரு பசைக்குச்சியுமாக பஸ் ஏறுவா. ஸ்காபரோ முழுக்க, பிறகு விட்பி வரைக்கும். கதவு திறந்தவர்களிடம் "அபிஷன்ர கல்வெட்டை ஒருக்கா எடுங்கோ" என்பா. எடுத்துக் கொடுத்தால் நான்காம் பக்கத்தில் தானே ஒட்டி, விரலால் நீவி, தேத்தண்ணி குடிக்காமல் கிளம்பிவிடுவா. முகத்தில் அடித்தமாதிரிக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. 'பெத்த பிள்ளையின்ர பேரைக் கெடுக்கிறா' என்று கோயிலில் கதைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அம்மா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தா: "அவன்ர பேர் கெடட்டும், உன்ர பிள்ளை இருக்கட்டும்."

அப்படி அலைந்த மனுஷி பிறகு சும்மா இருப்பாவா? ஃபென்ரனிலால் மூச்சடங்கியவரை எழுப்புகிற நலோக்ஸோன் மருந்தை மூக்கில் எப்படி அடிப்பது என்று பார்மசிக்காரியிடம் படித்து, கோயில் மண்டபத்தில் நாற்பது பெண்களுக்குத் தமிழில் படிப்பித்தா. கோயில் கந்தோரில் தீயணைப்புச் சிலிண்டருக்குப் பக்கத்தில் அந்த மருந்தின் சின்னப் பெட்டி தொங்கும்வரை நிர்வாகத்தை விடவில்லை. சிற்றி ஹோலில் நகரசபையார் ஐந்து நிமிடம் பேசக் கொடுத்தபோது, இதே பச்சைக் கரைச் சேலையில் போய் நின்று, "மை சன் டிட் நொட் டை ஒஃப் ஹார்ட். ஹீ டைட் பிக்கோஸ் வீ ஆர் ஷை" என்றா. இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு மிச்ச மூன்று நிமிடமும் மைக்குக்கு முன்னால் பேசாமல் நின்றா. ஒருவரும் அவவைப் போய்க் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. பின்வரிசையில் இருந்த சுபாங்கிக்கு அன்று வந்த பெருமை இன்னும் நெஞ்சில் அப்படியே இருக்கிறது.

அவள் மாமாவுக்கு போன் எடுத்தாள்.

"மாமா, நான் எழுதினதை ஏன் மாத்தினீங்கள்?"

"பிள்ளை, உது அவளின்ர கடைசிப் புத்தகம். இனி ஒண்டும் அச்சடிக்கப் போறதில்லை. மரியாதையா அனுப்பி வைப்பம்."

"அம்மா மரியாதையாத்தான் இருந்தவ."

"சனம் சாப்பாட்டு மேசையில வைச்சு வாசிக்கும். உனக்கு உது விளங்காது. திரும்ப அடிக்க நேரமும் இல்லை. விடு."

நேரம் இல்லைத்தான். அச்சகம் திங்கள்தான் திறக்கும். ஞாயிறு மத்தியானம் முந்நூறு பேர் இந்தப் பொய்யை வீட்டுக்கு எடுத்துப் போய் லாச்சியில் வைப்பார்கள். அதன்பிறகு அம்மா யார்? மகனைப் பறிகொடுத்த, பல சமூகப் பணிகள் ஆற்றிய யாரோ ஒரு அன்ரி. அதை நினைக்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஜோசப்பின் அன்ரி கத்தரிக்கோலோடு வந்தாள். சுபாங்கி துண்டுகளை அடித்து வைத்திருந்தாள். 'திருத்தம். பக்கம் நான்கில் மாரடைப்பு என்றிருப்பது பொய். அபிஷன் ஃபென்ரனிலால் இறந்தான். அதை வீடு வீடாகச் சொன்னவர் எங்கள் அம்மா.' பசை தேடி அம்மாவின் கைப்பையைத் திறந்தாள். திருநீற்றுப் பொட்டலம், நலோக்ஸோன் பெட்டி, பாதி தேய்ந்த பசைக்குச்சி, ஒரு கசங்கிய கடித உறை. உறையின் மேல் அம்மாவின் கையெழுத்தில் 'அண்ணை வீடு'. உள்ளே ஒரேயொரு பழைய துண்டு.

"இது ஒட்டாத வீடு" என்றாள் சுபாங்கி. "அம்மா பொங்கலுக்குப் பொங்கல் போய் அபிஷன்ர கல்வெட்டைக் கேக்கிறவ. புத்தகம் துலைஞ்சு போச்செண்டு மாமா சொல்லுவார்."

ஜோசப்பின் அன்ரி துண்டை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். "என்ர வீட்டுக்குத்தான் முதல் கொண்டு வந்தவ. நான் கதவைச் சாத்திப்போட்டன். ரெண்டு கிழமை கழிச்சு நானே போன் எடுத்து, நானும் வாறன் பஸ்சுக்கு எண்டனான்." அவள் துண்டை உறைக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு இருவரும் ஒட்டத் தொடங்கினார்கள். பின்னேரத்துக்குள் முந்நூறும் முடிந்தது. விரலெல்லாம் பசை. மத்தியானம் ரோல்ஸ் தின்றபோதும் அதே வாசம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கிரியை முடிந்து சனம் வாழையிலைக்கு இருக்க முதல், சுபாங்கி அம்மாவின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று புத்தகம் கொடுத்தாள். மாமாவுக்கும் ஒன்று நீட்டினாள். அவர் வாங்கி, கண்ணாடியை மாற்றி, நேரே நான்காம் பக்கத்தைத் திறந்தார். துண்டின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி வாசித்தார். அவள் ஏச்சுக்குத் தயாராக நின்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர், சபை நடுவில் அது வெளியே வந்தால் சும்மா விடுவாரா?

அவர் கோட்டின் உட்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். ஓரமெல்லாம் மஞ்சளடித்துப்போன புத்தகம். அட்டையில் பட்டமளிப்புத் தொப்பியோடு அபிஷன்.

"துலையேல்லை" என்றார்.

"தெரியும் மாமா. அம்மாவுக்கும் தெரியும்."

"நான்தானே பிள்ளை எழுதினனான். அவளுக்கு முன்னால எடுத்து நீட்ட ஏலாமல் போச்சு." அவர் அவளைப் பார்க்காமல் கைப்பையைப் பார்த்தார். "அந்தத் துண்டு இருக்கோ?"

சுபாங்கி உறையை எடுத்துக் கொடுத்தாள். மேலே எழுதியிருந்ததை மாமா இரண்டு தரம் வாசித்தார். அவளே ஒட்டித் தரப் பசைக்குச்சியின் மூடியைக் கழற்றினாள். அவர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பின்வரிசைக் கதிரையில் இருந்து, புத்தகத்தை முழங்காலில் விரித்தார். துண்டு கொஞ்சம் சரிந்துதான் ஒட்டியது. உள்ளே யாரோ மைக்கில் எல்லோரையும் சாப்பிட வரச்சொன்னார்கள். சனம் அவரைக் கடந்து போனது. பெருவிரலால் துண்டை அமத்திக்கொண்டு மாமா அப்படியே இருந்தார், பசை காயும்வரை.