படத்துக்குக் கீழே ஒட்டிய தமிழ்

லைப்ரரியின் பின்னறையில் பாலாம்பிகை கத்தரிக்கோலால் தாளை நீளத் துண்டுகளாக நறுக்கிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. ஃபாரஸ்ட் கேட்டில் புலம்பெயர்ந்து வந்த தமிழ்ப் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்குத் தமிழ்ப் படப்புத்தகம் ஏது? ஆகவே ஆங்கிலப் புத்தகங்களில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் தமிழை எழுதி ஒட்டுவார்கள். முத்து முத்தான கையெழுத்து என்று அந்த வேலை பாலாம்பிகைக்கு வந்தது.

அந்தச் சனிக்கிழமை அஞ்சலீனா மகள் அபிராவோடு வந்தாள். கையில், போன மாதம் பாலாம்பிகை ஒட்டிய புத்தகம். இரண்டு பெண்களும் ஒரு சிறுமியும் ரொட்டி சுடுகிறார்கள், நாயைக் குளிப்பாட்டுகிறார்கள், ஒரே கட்டிலில் மூவருமாய்த் தூங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை.

"அன்ரி, இதிலை சின்னம்மா எண்டு எழுதினது பிழை," என்றாள் அஞ்சலீனா.

"ஏன் பிள்ளை? ஒருத்தி பெத்தவ, மற்றவ தங்கச்சி. அப்பா செத்தாப்பிறகு அம்மாவும் சின்னம்மாவும்தான் என்னை வளர்த்தவை. ஒரு பாயிலைதான் படுக்கிறது."

"இங்கிலீசிலை ரெண்டு பேரும் அம்மா."

"சின்னம்மாவும் அம்மாதானே!" பாலாம்பிகை சிரித்தார். "இங்கிலீசுக்காரருக்கு முறை தெரியாது. நாங்களல்லோ திருத்த வேணும்."

அஞ்சலீனா சிரிக்கவில்லை. புத்தகத்தின் மூலையை நகத்தால் நிமிண்டிக்கொண்டு நின்றாள். ஒரு கடைக்கு மேலேயுள்ள வீட்டில் அவளும் கலாவதியும் ஒன்றாக இருந்தார்கள். கோயிலில், தமிழ்ப் பள்ளியில், வீட்டுச் சொந்தக்காரரிடம், எல்லா இடத்திலும் கலாவதியை மச்சாள் என்றே சொல்லி வைத்திருந்தாள். சொன்ன பொய் பழகி, சனமும் பழகிவிட்டது. இந்தத் துண்டைத் திருத்தச் சொல்வதென்றால் அதற்கு ஒரு காரணமும் சொல்லவேண்டும். லைப்ரரி வாசல்வரை வந்து இருமுறை திரும்பிப் போயிருந்தாள்.

"உங்கட வீட்டிலையும் கலாவதி இருக்கிறாதானே," என்றார் பாலாம்பிகை, விட்டுக்கொடுக்காமல். பிறகு சிறுமியிடம் குனிந்தார். "நீ அவவை என்னெண்டு கூப்பிடுறனி, செல்லம்?"

அபிரா நிமிர்ந்து பார்த்தாள். ஆசிரியை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற கவனம் முகத்தில்.

"வீட்டிலையோ, வெளியிலையோ?"

அஞ்சலீனாவின் காது சிவந்தது. மகளின் தோளைப் பிடித்தவள், பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்துவிட்டாள்.

பாலாம்பிகை கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். புத்தகத்தை வாங்கி, மூவரும் தூங்கும் அந்தப் படத்தைக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். எழும்பிப் போய்க் கேத்தலைப் போட்டார்.

தேத்தண்ணி போடப்போகிறார் என்றுதான் அஞ்சலீனா நினைத்தாள்.

தண்ணீர் கொதித்ததும் அவர் பக்கத்தை விரித்து ஆவியில் பிடித்தார். பசை இளகியது. சின்னம்மா என்றிருந்த துண்டின் ஒரு நுனி சுருண்டு எழும்ப, படம் கிழியாமல் மெல்ல மெல்ல உரித்து, எங்கே போடுவதென்று தெரியாமல் அஞ்சலீனாவிடம் நீட்டினார். அது அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

பாலாம்பிகை புதுத் துண்டொன்றை முன்னால் வைத்துப் பேனை மூடியைக் கழற்றினார். முள் தாளைத் தொடாமல் நின்றது. யன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அபிரா மட்டும் ஒரு விரலைப் படத்துக்குக் கீழே, ஈரமாயிருந்த அந்த வெறும் இடத்தில் வைத்து, எடுக்காமல் காத்திருந்தாள்.